சூரியனுக்கு ஒரு முஷ்டி இடப்பக்கம்

என் வயசுக்காரப் பெண்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசியாக எப்போது வெறும் கண்ணால் பிறை பார்த்தீர்கள்? போனில் வந்த படத்தைச் சொல்லவில்லை. மாடியில் ஏறி, கழுத்து வலிக்க நின்று, கொசுக்கடி வாங்கிப் பார்த்ததைக் கேட்கிறேன். இப்போதெல்லாம் நோன்பு இருபத்தொன்பது அன்று வானத்தைப் பார்க்கிறவர்கள் எங்கேயோ நான்கு பேர். மற்ற எல்லோரும் பார்ப்பது போனைத்தான். நானும் அதைத்தான் பார்க்கிறேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டு ஒரு தடவை மாடிக்கும் போய் வருவேன். மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்பு. மட்டாஞ்சேரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளிக்கூடம், நாலோடு அது முடியும். ஐந்தாம் வகுப்புக்கு வேறு பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களிடம் “அந்தக் காலம் அப்படி” என்று இத்தனை வருஷம் மழுப்பிவிட்டேன். நான்கு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான், மழுப்புவது சுலபமாக இருந்தது. ஆனால் அந்தக் காலம் ஒன்றும் அப்படி இல்லை. எங்கள் சந்திலேயே பத்து வரை படித்த பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என் படிப்பு நின்றதற்குக் காரணம் ஒரு பிறை. அதை இப்போது எழுதிவிடுகிறேன். பேசச் சொன்னால் இன்றும் வராது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு வயது பத்து.

அத்தா, என் அப்பா, கம்பம் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர். கொச்சங்காடியில் பழைய சாக்கு வியாபாரம். சுக்கும் மிளகும் வந்து இறங்கும் கிடங்குகளில் கிழிந்த சாக்குகளை மொத்தமாக எடுத்து, உதறி, வெயிலில் போட்டு, ஓட்டை அடைத்து, திரும்ப அதே கிடங்குகளுக்கு விற்பார். மலையாளத்துக்காரர்களுக்கு அவர் அண்ணாச்சி. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒரு கிடங்குக்கு ஒட்டின மாதிரி எங்கள் வீடு. கிடங்கின் மேலே மொட்டை மாடி, அதில் சாக்கு காயப்போட அத்தாவுக்கு அனுமதி உண்டு. மரப்படி ஏறினால் மாடி.

சாக்கில் ஓட்டை பார்ப்பது எப்படி என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? தரையில் விரித்துப் பார்த்தால் பெரிய கிழிசல்தான் தெரியும். எலி பல் பட்ட இடமும், நூல் இற்று நாளைக்கு விடப்போகிற இடமும் தெரியாது. அதற்குச் சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வானத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே இருட்டு. சணலும் சுக்குத் தூசியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறும், தும்மல் வரும். ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் வெளிச்சமாகத் தெரியும். சுண்ணாம்புச் சாக்கட்டியால் வட்டம் போட வேண்டும். கோணி ஊசியால் தைப்பது அம்மா வேலை, வட்டம் போடுவது என் வேலை. “அவ கண்ணு ஊசிக் கண்ணு” என்று அத்தா கிடங்கு ஆட்களிடம் பெருமையாகச் சொல்வார். “நீங்க நோக்கிப் பாத்து வாங்க வேண்டாம் சேட்டா, எம் மக நோக்கியாச்சு” என்பார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கண்ணை முதலில் நம்பினவர் அவர்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடியில் ஏறினால் இருட்டும் வரை நான் அங்கேதான். வெளிச்சம் குறையக் குறைய சாக்குக்குள் ஓட்டை பார்க்க முடியாமல் போகும். அப்போதும் நான் சாக்கை எடுக்க மாட்டேன். ஒரு நல்ல பெரிய ஓட்டையைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு அது வழியாகப் பார்ப்பேன். சுற்றி இருட்டாக இருப்பதால் மற்றவர்களுக்கு நட்சத்திரம் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இதை யாரும் சொல்லித்தரவில்லை. சாக்கு சொல்லித்தந்தது.

என்னென்ன பார்த்தேன் என்று கேளுங்கள். சூரியன் ஒரே இடத்தில் மறையாது. ஆனி மழைக் காலத்தில் வலப்பக்கம் ஓட்டுக்கூரை முனையில் மறையும். மார்கழியில் இடப்பக்கம் வெகுதூரம் தள்ளி, ஐஸ் கம்பெனிப் புகைக்குழாய்க்குப் பின்னால் போகும். வருஷம் முழுக்கக் கூரை கூரையாக நடக்கும். பிறையும் அப்படித்தான். மாசி பங்குனியில் சூரியன் போன இடத்துக்கு நேர் மேலே, தோணி மாதிரி படுத்துக்கொண்டு இருக்கும். புரட்டாசி ஐப்பசியில் இடப்பக்கம் விலகி, ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். கையை முன்னால் நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி அகலம் விலகும். மாதா மாதம் பார்த்தேன். நோன்புக்கு மட்டும் பார்க்கவில்லை.

கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு நட்சத்திரம் தெளிவாக எண்ணுவேன். மின்சாரம் போன நல்ல ராத்திரியில் ஏழாவதும் வரும். அத்தாவுக்கு அது வெறும் பஞ்சுப்பொதி. சத்தமில்லாமல், மினுக்காமல், நூறு எண்ணுவதற்குள் பாதி வானம் நடந்து போகிற நட்சத்திரம் ஒன்று உண்டு. மனிதர்கள் மேலே அனுப்பினது அது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வடகிழக்கில் அடிவானம் எப்போதும் கொஞ்சம் ஆரஞ்சாக இருக்கும். அது ஏலூர்க் கம்பெனிகளின் வெளிச்சம் என்று அத்தா சொன்னார். அந்தப் பக்கம் சின்ன நட்சத்திரம் ஒன்றும் எடுபடாது.

அந்த வருஷம் நோன்பு புரட்டாசியில் வந்தது. விடியுமுன் சஹருக்கு எழுந்து, சோறு தின்று, வாய் கொப்பளிக்கப் பின்கட்டுக்கு வந்தால் கிழக்கே வெள்ளி நிற்கும். பாத்திரத் தண்ணீரில் அதன் வெளிச்சம் விழும், அவ்வளவு பிரகாசம். சாயங்காலத்தில் கிழக்கே வேறொரு பெரிய வெள்ளை நட்சத்திரம் ஏறும். வியாழன் என்று பிறகு பேர் தெரிந்தது. மேற்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மத்தியானமே கிழக்கே இடி. அந்த மாசத்து மழை மாலையில்தான் வரும். நோன்பு திறந்து ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் வாயில் போட்டதும் அம்மா, “ஏ புள்ள, மேல சாக்கு கெடக்கு, நனையப்போகுது, ஓடு” என்றாள். ஓடினேன். சந்தில் ஆண்கள் யாரும் இல்லை. பிறை பார்க்கக் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். எங்கள் பக்கம் காயல் தண்ணீர், அதுவும் கிழக்கே. மேற்கே கடல் பார்க்க அங்கேதான் போக வேண்டும்.

மேற்கே, சூரியன் மறைந்த இடத்தில், சுவர் கட்டின மாதிரி மேகம். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஒரு சாக்கைத் தலையில் முக்காடு மாதிரி கொங்காணி போட்டுக்கொண்டு மற்றதை மடித்தேன். ஏழெட்டு சாக்கு மடித்திருப்பேன். நிமிர்ந்தபோது மேகச்சுவரின் இடது ஓரத்தில் ஒரு கிழிசல். கிழிசலுக்குள் கழுவி விட்ட மாதிரி வானம். அதில் பிறை. நகம் வெட்டிப் போட்ட மாதிரி மெல்லிசு இல்லை. நன்றாகவே இருந்தது. ஒருபக்கம் சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளிச்சமாக.

நான் சாக்கை முகத்துக்கு இழுத்து, ஓட்டை வழியாகவும் பார்த்தேன். எனக்கு அதுதான் நம்பிக்கை. ஓட்டைக்குள்ளும் பிறைதான்.

எதிர்மாடியில் பப்படம் காயவைக்கிற கொங்கணிச் சேச்சி முறத்தோடு நின்றார். நான் பார்க்கிற பக்கம் அவரும் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “நாளெ பெருநாளாணல்லே?” என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கத்தினேன். “அத்தா! பிறை!”

அத்தா கஞ்சிக் கையோடு நான்கு படி தாண்டித் தாண்டி வந்தார். முதுகு வலி என்று அன்று அவர் கடற்கரைக்குப் போகவில்லை. வருவதற்குள் மேகம் மூடிவிட்டது.

“எங்க?”

முஷ்டியை நீட்டிக் காட்டினேன்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“சரியாப் பாத்தியா, தாயி?”

“பாத்தேன் அத்தா.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் விரலில் கஞ்சிப் பிசுபிசுப்பு இன்னும் இருந்தது. “வா” என்றார். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேரிடம், “மாசம் கண்டாச்சு, எம் மக கண்டா” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அங்கே பிறைக்கு மாசம் என்றுதான் பேர். அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் கடற்கரையிலிருந்து திரும்பின கூட்டம் நின்றது. எல்லோர் சட்டையும் நனைந்திருந்தது. ஜமாஅத்துப் பெரியவர் கேட்டார்.

“ஆரு கண்டது, அண்ணாச்சி?”

“எம் மக.”

“எத்தற வயசு?”

“பத்து.”

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. “கடப்புறத்துல நூறு ஆளு கண்ணு வலிக்க நோக்கி நின்னு. ஒருத்தனும் காணல. அண்ணாச்சியோட சாக்கு மேல மட்டும் மாசம் உதிச்சோ?” என்று ஒருவர் கேட்டார். “அவிட தமிழ் மாசமாயிருக்கும்” என்றார் இன்னொருவர். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

எங்களுக்கு ஓதிக்கொடுக்கிற உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து, “மோளே, எவிட கண்டு? காட்டு” என்றார்.

அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் நின்றதே கிடையாது. முஷ்டியை நீட்டி, சூரியன் போன பக்கத்துக்கு இடப்பக்கம் காட்டினேன்.

“அது சூரியன் போன இடமல்ல!” என்றார் பெரியவர். “சூரியன் போன நேரே மேலயாக்கும் பிறை வரும். இந்தக் குட்டி வெள்ளியக் கண்டிருக்கு.”

“அதே, வெள்ளி” என்றார்கள் நான்கைந்து பேர்.

உஸ்தாத் அத்தாவிடம் மெதுவாகத்தான் பேசினார். “அண்ணாச்சி, பெருநாளுக்கு ரெண்டு ஆம்பிளை சாட்சி வேணும். அது நியமம். மோள் பொய் பறஞ்சுன்னு ஞான் சொல்லல.” ஆனால் கடைசி வார்த்தை அத்தா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று என் வாயில் வராத பதிலை இங்கே எழுதுகிறேன். கேட்டவர்கள் பாதிப் பேர் இப்போது இல்லை, பரவாயில்லை. வெள்ளி அந்த மாசம் சாயங்காலம் வராது. நீங்கள் எல்லோரும் சஹருக்கு எழுந்தீர்களே, ஒரு நாளாவது கிழக்கே தலை தூக்கினீர்களா? அது அங்கே நின்றது. ஒரு நட்சத்திரம் காலையிலும் கிழக்கே நின்று அன்றைக்கே சாயங்காலம் மேற்கேயும் நிற்குமா? பிறகு, வெள்ளி புள்ளி. நான் பார்த்தது வளைவு. அப்புறம், சூரியனுக்கு நேர் மேலே என்றீர்கள். அது மாசிக் கணக்கு. நீங்கள் வருஷத்தில் இரண்டு தடவை வானத்தைப் பார்க்கிறவர்கள். நான் மாதா மாதம் பார்த்தவள். நூறு பேர் மேகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறை அதற்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த நாள் முப்பதாம் நோன்பு என்று முடிவாகிவிட்டது. சஹருக்கு அம்மா எழுப்பினாள். நான் எழுந்திருக்கவில்லை. விடிந்த பிறகு எழுந்து, சமையற்கட்டுக்குப் போய், பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். பெருநாள் அன்று நோன்பு இருக்கக்கூடாது என்று ஓதும் இடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது பெருநாள்.

அம்மா பார்த்துவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் போய்க் கதவைச் சாத்தினாள். பெருநாளுக்கு வாங்கி வைத்திருந்த சேமியாவில் ஒரு கைப்பிடி எடுத்து, பால் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கிண்டினாள். நெய் வாசனை வெளியே போகக்கூடாது என்று நெய் விடவில்லை. அவளுக்கு நோன்பு. ருசி பார்க்காமல் கிண்டியதால் சர்க்கரை கூடிப்போயிருந்தது.

“சத்தம் போடாமத் தின்னு” என்றாள். “அத்தாவுக்குத் தெரிய வேணாம்.”

“அம்மா, நீ நம்புறியா?”

“வாயில வச்சுக்கிட்டுப் பேசாத.”

அவள் சொன்ன பதில் அவ்வளவுதான். நானும் அப்போது அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சூரியன் போனதும் பிறை தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கண்ணில் விழுந்தது. உயரத்தில், தடியாக. இரவு இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பின நேரத்திலும் அது ஐஸ் கம்பெனிக் குழாய்க்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் பிறை அப்படித் தங்காது. கண் சிமிட்டினால் போய்விடும்.

அத்தா மாடியில் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார். ரொம்ப நேரம். எதிர்மாடியிலிருந்து கொங்கணிச் சேச்சி உரக்கச் சொன்னார், “அண்ணாச்சி, நேத்து ஞானும் கண்டதா. மோள் கண்டது சரியா.”

“நீங்க சொல்லி என்ன சேச்சி,” என்றார் அத்தா, “அவங்க எடுக்க மாட்டாங்க.”

“அதென்ன, சந்திரன் அவங்களுக்கு மட்டும் உள்ளதா?” சேச்சி சிரித்துக்கொண்டே பப்படத்தை அள்ளினார்.

அத்தா சிரிக்கவில்லை. பிறையைப் பார்த்தபடி, “பெருசாத்தான் இருக்கு” என்று தனக்குத்தானே சொன்னார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தோழிகளே, இதைத்தான் நான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பி நினைக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் விட்டிருப்பேன். அவருக்குத் தெரியும்.

பெருநாள் கழிந்தும் சிரிப்பு ஓயவில்லை. அத்தாவுக்குப் பேர் வந்துவிட்டது. பிறை அண்ணாச்சி. சாக்குக் கட்டைத் தோளில் வைத்துக் கிடங்குக்குள் நுழைந்தால், “பிறை அண்ணாச்சி, இன்னைக்கு அமாவாசையா பௌர்ணமியா? மோளோட கேட்டு வந்தோ?” என்பார்கள். சாயாக்கடையில் அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது கூரையைப் பார்த்து, “அதா, மாசம்!” என்பார்கள். வெளியூரிலிருந்து வந்து, அங்கே ஒரு ஓரமாக இடம் பிடித்து, பதினைந்து வருஷம் தலை குனிந்து வியாபாரம் செய்த மனிதர். அவருக்கு அது தாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை.

“தாயி, உஸ்தாத் கிட்டப் போவோம். ‘எனக்கு அப்படித் தோணிருச்சு, நான் சரியாப் பாக்கல’ன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. சின்னப் புள்ள, தெரியாமச் சொல்லிட்டான்னு போயிரும். எனக்கும் இந்தப் பேரு போயிரும்.”

நான் தரையில் கிடந்த சணல் நூலைக் கால் விரலால் இழுத்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லிரு. வர்ற ஜூன்ல உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்துல சேக்குறேன். சொல்லலைன்னா, பொய்யில நிக்கிறவளுக்குப் படிப்பு எதுக்கு?”

பெரிய பள்ளிக்கூடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியும். நாலாம் வகுப்பு டீச்சர் ஒரு தடவை என்னை ஏதோ காரியமாக அங்கே கூட்டிப் போயிருந்தார். ஒரு அறை முழுக்கப் புத்தக அலமாரி. அதில் ஒரு புத்தகத்தின் அட்டையில் நட்சத்திரப் படம். கண்ணாடிக் கதவின் மேல் தொட்டுப் பார்த்தேன், அலமாரி பூட்டியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்து கொடுப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஐந்தாம் வகுப்பு வேண்டும்.

ஆனாலும் சொல்ல முடியவில்லை. பிடிவாதம் என்றார்கள். எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் ‘பார்த்தேன்’ என்பதுதான் இருந்தது, வேறு வார்த்தை உள்ளே இல்லை. ஆகையால் திறக்கவில்லை. கூச்சம் உள்ள பிள்ளைகள் பேசாமல் நின்றால் பெரியவர்கள் அதைக் குற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் அப்படி நின்றிருப்பீர்கள்?

அத்தா மாடிக் கதவைப் பூட்டினார். “மேல போனாத்தானே இந்த வேலை” என்றார். வட்டம் போடும் வேலை அம்மாவுக்குப் போனது. அவள் கண் அதற்கு ஆகாது. மூன்றாவது வாரம் ஒரு கிடங்கில் மிளகு ஒழுகிக் கிடந்தது என்று இரண்டு கட்டு சாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே பூட்டு திறந்தது. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கட்டி மட்டும் படியின் மேல் இருந்தது. சாக்குக்கு வேண்டிய கண், பிறைக்கு வேண்டாமாம். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். பரீட்சை முடிந்திருந்தது. கூடம் முழுக்கச் சாக்கு, உட்கார இடமில்லை. நின்றபடியே, “நல்லாப் படிக்கிற குட்டி. நிறுத்தாதீங்க” என்றார்.

“நான் நிறுத்தல டீச்சர். அவ ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

அம்மாவும் சேர்த்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் என் தலையைத் தடவி, “சொல்லேன்மா, சொன்னா என்ன?” என்றார். நல்லவர். அவருக்கும் அது ஒரு வார்த்தைதான். அவர் போன பிறகு அம்மா கோணி ஊசியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“உன் வாயில இருந்து போனா என்னடி? பிறை உதிச்சது உதிச்சதுதானே. நீ இல்லைன்னா அது இல்லைன்னு ஆயிருமா?”

“அப்ப எதுக்கும்மா நான் இல்லைன்னு சொல்லணும்?”

அம்மா ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். ஆனால் அன்று ராத்திரி, வெள்ளை மாவுச் சாக்கு ஒன்றைப் பிரித்துத் துவைத்து, எனக்குத் தோள்பை தைக்க ஆரம்பித்தாள். ஜூன் வருவதற்குள் நான் இளகிவிடுவேன், அல்லது அவர் இளகிவிடுவார் என்று நினைத்திருப்பாள். அந்தப் பையின் மேல் மாவு மில்லின் நீல முத்திரை எத்தனை துவைத்தும் போகவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் என்னைத் தப்பாக எடுக்கக்கூடாது. என் சாட்சியை எடுக்காததில் எனக்கு அன்றும் இன்றும் வருத்தம் இல்லை. அது நியமம். உஸ்தாத் நேர்மையாகச் சொன்னார், பொய் என்று சொல்லவில்லை. எடுக்காதீர்கள், சரி. ஆனால் பார்த்தவளைப் பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னார்களே, அது யார் போட்ட நியமம்? எந்தக் கிதாபில் இருக்கிறது? எனக்குக் காட்டுங்கள், நான் தலை வணங்குகிறேன்.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள், விடியற்காலையிலிருந்தே மழை. அத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, “கெளம்பு” என்றார். அம்மா அவசரமாக என் தலையைப் பின்னிப் பையை மாட்டிவிட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம். அவர் இளகிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரே குடையில் நடந்தோம். பஜார் ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர், அதில் சுக்குத் தோல் மிதந்தது. பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் கூட்டம். புதுக் குடை வாசனை, புது ரப்பர்ச் செருப்பு வாசனை. உள்ளே மணி அடிக்கப்போகிறது. கேட்டுக்கு இரண்டு அடி முன்னால் அத்தா நின்றார்.

“இப்ப சொல்லு. யார்கிட்டயும் போக வேணாம். உஸ்தாத் கிட்ட வேணாம், யாரும் வேணாம். என்கிட்ட மட்டும் சொன்னாப் போதும். பாக்கலைன்னு. உள்ள கொண்டு விட்டுர்றேன்.”

அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அப்போது அது எனக்குப் பயமாக இருந்தது. இப்போது புரிகிறது, அவருக்கு ஊர் வாயை அடைப்பதெல்லாம் முடிந்துபோயிருந்தது. மகளிடம் தோற்காமல் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். நானும் அவரைத் தோற்கடிக்க விரும்பவில்லை. கேட்டின் கம்பிகளுக்கு நடுவே அந்த அலமாரி அறையின் ஜன்னல் தெரிந்தது. மழையில் கண்ணாடி மங்கியிருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

“பாத்தேன், அத்தா” என்றேன்.

அவர் அடிக்கவில்லை. கேட் மூடும் வரை நின்றார். பிறகு குடையைத் திருப்பினார். வந்த வழியே நடந்தோம். வீடு வரை அவர் குடையை என் பக்கமே பிடித்திருந்தார். வாசலில் மடக்கியபோது பார்த்தேன், அவருடைய வலப்பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்து சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. என் பையில் ஒரு சொட்டு விழவில்லை. அம்மா எங்களைப் பார்த்தாள், பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். நான் மாடிப்படியடியில் உட்கார்ந்து சாக்குத் தைக்க ஆரம்பித்தேன். அழவில்லை.

படிப்பு போனது நஷ்டம்தான். நஷ்டமில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் திரும்ப அந்தக் கேட்டின் முன்னால் நிறுத்தினாலும் அதே வார்த்தையைத்தான் சொல்வேன். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

நாலாம் வகுப்புப் படித்தவள் எழுதினது இது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பிறை நின்ற இடத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.